ஆற்றுப்படையும் ஒரு ஹெர்குலிஸ் வண்டியும்

ஏலகிரி மலைப்பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். முதலில் புலவர்கள், மேலே போகப்போகக் கடையெழு வள்ளல்கள். பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. பதினாறு கிலோ மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் ஏறுகிற தமிழ் விரிவுரையாளனுக்கு அது ஒரு தேர்வு. 2023 ஜனவரியில் நான் அந்தத் தேர்வில் தோற்றேன். புலவர்களை ஒருவாறு கடந்துவிட்டேன். கொடை தொடங்க வேண்டிய இடத்தில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. சாலையோரக் கைப்பிடிச் சுவரில் முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். பலா மரங்களுக்குக் கீழே குரங்குகள் என் பிஸ்கட் பொட்டலத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தன. கடைசியில் காலி 'குட்டி யானை' ஒன்றை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தவர் வண்டியை நிறுத்தி, "ஏத்து சார், போலாம்" என்றார். வள்ளல்களில் எட்டாமவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். ஜோலார்பேட்டையில் இறக்கிவிட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

நான்கு நாள் திட்டம் இரண்டாம் நாள் நண்பகலில் முடிந்தது அப்படித்தான்.

நாற்பதைத் தாண்டிய ஒருவனுக்குச் சைக்கிள் ஆசை வருவதற்கு இன்றைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரத்தப் பரிசோதனைத் தாள். எனக்கும் அப்படியே. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடையுங்கள் என்றார் மருத்துவர். நடை எனக்குச் சலிப்பு. இருபத்தோரு கியர் வைத்த ஒரு வண்டியை வாங்கிக் கோட்டையைச் சுற்றினேன். பிறகு அமிர்தி வரை போய் வந்தேன். அங்கிருந்து, வீட்டுக்குத் திரும்பாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்குப் 'பைக்பேக்கிங்' என்று ஒரு பெயர் இருப்பதை அப்புறம்தான் அறிந்தேன். வண்டியின் பின்னால் கேரியர் வைத்து இருபுறமும் பைகளைத் தொங்கவிடுவது பழைய முறை. கேரியரே இல்லாமல் சட்டத்தின் முக்கோணத்துக்குள்ளும் இருக்கைக்குப் பின்னும் கைப்பிடியின் மேலும் ஒடுங்கிய பைகளை இறுகக் கட்டிக்கொள்வது புது முறை. அகலம் குறைவு என்பதால் ஒற்றையடித் தடங்களிலும் காட்டுப் பாதைகளிலும் போகலாம். கொண்டுபோகும் பொருளையும் பாதியாகக் குறைத்தே தீர வேண்டும், வேறு வழியில்லை. அமெரிக்கர்கள் மலைத்தொடர் நெடுகப் போகும் மண்தடங்களுக்கு 1990களின் இறுதியில் வரைபடம் போட்ட பிறகு இந்த முறை பரவியது.

நம்மவர்களுக்கு இது புதிதன்று. 1923 அக்டோபரில் பம்பாயின் பளுதூக்கும் சங்கம் ஒன்றைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹகீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்கரா ஆகிய மூவர் 1928இல் ஏறக்குறைய 44,000 மைல்களை முடித்துத் திரும்பினார்கள். கியர் கிடையாது, பல இடங்களில் சாலையே கிடையாது. அவர்களைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஏலகிரிக்குப் போக அஞ்சுவது வெட்கம் என்று நினைத்தேன். அஞ்சியிருக்கலாம்.

என் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முதல் தவறு, இருக்கையைத் தாழ்வாக வைத்தது. மிதிகட்டை அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய முழுதாக நீள வேண்டும், முழங்காலில் சிறு மடிப்பு மட்டும் மிஞ்ச வேண்டும். நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சின்ன வயதில் வாடகை சைக்கிளில் கற்ற பாடத்தை நான் விடவில்லை. அதற்கு முழங்கால் வட்டி கட்டியது. இரண்டாம் தவறு, ஒரு நாளில் நாற்பது கிலோமீட்டர் போனதை வைத்து நான்கு நாளைக்குக் கணக்குப் போட்டது. உடம்பு அப்படிப் பெருக்கிக் கொடுப்பதில்லை. ஓரிரவு வெளியே தங்கி மறுநாள் திரும்புவதை நான்கைந்து முறை செய்த பிறகே மூன்றாம் நாளைப் பற்றி நினைக்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் இருக்கையில் உட்காரும் அந்த முதல் ஐந்து நிமிடம்தான் இந்தக் கலையின் நுழைவுத் தேர்வு. மூன்றாம் தவறு, மூட்டை. மூன்று சட்டை, போர்வை, துண்டுகள், மண்ணெண்ணெய் வாசனையே போகாத ஒரு சின்ன அடுப்பு, இவற்றோடு இரண்டு உரைநூல்கள். மலையில் படிப்பதற்காம்! (இரண்டும் கெட்டி அட்டை. ஒன்று மட்டும் ஒரு கிலோவுக்கு மேல்.)

கொண்டுபோயிருந்த நூல் மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் நன்னன் மேல் பாடிய 583 அடிகள். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். இருபது ஆண்டுகளாக அதை வகுப்பில் நடத்துகிறேன். பரிசில் பெற்ற கூத்தன் பெறாத கூத்தனுக்கு வழி சொல்வது என்று கரும்பலகையில் எழுதி, தேர்வில் கேட்கப்படும் பகுதிகளுக்குக் கோடு போடச் சொல்லி முடித்துவிடுவேன். முழங்காலில் சூட்டுப் பை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த வாரத்தில்தான் அதை ஒரு பயணக் கையேடாக முதன்முறை படித்தேன். வியப்பாக இருந்தது. எந்த இடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் தலையில் விழும், எந்தப் பாறை வழுக்கும், காட்சியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் என்ன ஆகும், இருட்டினால் எங்கே ஒதுங்க வேண்டும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும் என்று அந்தக் கூத்தன் ஒன்றுவிடாமல் சொல்கிறான். அவன் சொல்லும் நாடு வேறெங்கோ இல்லை. நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம், ஜவ்வாது மலையின் தெற்கடிவாரம். நவிரமலை என்பதைப் பர்வதமலை என்கிறார்கள். எங்கள் வகுப்பறைச் சன்னலிலிருந்து ஒரு நாள் மிதிதூரம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. சிறுபாணாற்றுப்படையில் வேலூர், ஆமூர் என்று இரண்டு ஊர் வருவதால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவனாவது எழுந்து, "நம்ம வேலூர், ஆம்பூருங்களா ஐயா?" என்று கேட்பான். இல்லை. அது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்கள், திண்டிவனத்துப் பக்கம். வேலூர் என்பது உப்புவேலூர். இதைச் சொல்லும்போது அந்த முகங்களில் விழும் வாட்டம் எனக்குப் பழகிப்போன ஒன்று. தோல் நாற்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் பேர்போன ஊர்க்காரர்களுக்குச் சங்க இலக்கியத்தில் ஓர் அடியாவது கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும்.

நாற்றம் என்று எழுதிவிட்டேன். அதைத் தாண்டிப் போக முடியாது.

என் ஊர் ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில். அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். வெளியூர்க்காரர்கள் 'டேனரி' என்பதை நாங்கள் ஷாப்பு என்போம். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை நனைத்து, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஜவ்வு நீக்கும் பகுதியில் இருபத்தெட்டு ஆண்டுகள். அவர் சேர்ந்த காலத்தில் ஆவாரம்பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊறப்போடும் முறையும் இருந்தது. பிறகு எல்லாம் குரோமியமும் சுழலும் மர ட்ரம்மும்தான். ஓரிரு நாளில் தோல் நீலம் பாரித்து வெளியே வந்துவிடும். தினமும் போக ஒன்பது, வர ஒன்பது கிலோமீட்டர், கறுப்பு ஹெர்குலிஸில். அவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் தெரியும், மணி அடிக்க வேண்டியதில்லை. விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொள்வார். பள்ளியில் அப்பாவின் தொழில் என்ன என்ற கட்டத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதுவேன். கூலியில் பல வகை உண்டு, ஆசிரியர் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்லியது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், நவம்பர் 30க்குள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்காவிட்டால் மூடல். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் அது முதல் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தீர்ப்பு சரி என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. எங்கள் கிணற்றை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பா வேலை பார்த்த சிறிய ஷாப்பு மூடியது, அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, நான் இளங்கலை முதலாண்டு விடுதியில் இருந்தேன். இதுவும் உண்மை.

அந்த 1997ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அப்பா புளி வியாபாரம் செய்தார். விடுமுறைக்குப் போனபோது திண்ணையில் சாக்குகளைப் பார்த்தேன். என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: மகிழ்ச்சி. விடுதிக்குத் திரும்பி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்ட நண்பனிடம் முதன்முதலாகத் தயங்காமல், 'புளி வியாபாரம்' என்றேன். புளியும் மணக்கும். ஆனால் அதைச் சொன்னால் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை, நம்மை வேறு மாதிரி அளப்பதும் இல்லை. (எங்கள் பக்கத்தில் தோல் என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி என்ற கேள்வி நிற்கும். விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.) புளி எங்கிருந்து வருகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் வேறொரு ஷாப்பில் வேலை கிடைத்து அப்பா பழையபடி சுண்ணாம்புக் குழிக்குப் போனார். நானும் மறுபடி 'கூலி' என்று சொல்ல ஆரம்பித்தேன். 2011இல் அவர் காலமானார்.

ஏலகிரித் தோல்விக்குப் பின் எனக்குப் பை வேண்டியிருந்தது. கடையில் விற்கும் வெளிநாட்டுப் பைகளின் விலை என் முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஆம்பூரில் சின்னம்மா இருக்கிறார், அம்மாவின் தங்கை. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பிரிவில் முப்பது ஆண்டுகள். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு பழைய மெஷின் வைத்திருக்கிறார். வண்டியோடு போய் நின்றேன்.

"இன்னா கண்ணு இது, கார் வாங்குவன்னு பார்த்தா சைக்கிள்ல வந்து நிக்கற?"

விளக்கினேன். முக்கோணத்துக்குள் பை, அதில் சாமான், மூன்று நாள் பயணம். தோலிலேயே தைத்துவிடலாம், ஆம்பூர்க்காரன் வேறெதில் தைப்பான் என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டும் சொன்னேன். சின்னம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தோலு எடை கண்ணு. மழை பேஞ்சா தண்ணி குடிச்சிக்கினு ரெண்டு மடங்காவும். காயறதுக்குள்ள பூஞ்சை புடிச்சிடும். பாலிஷ் போட்ட ஷூவுக்குத்தான் தோலு, மூட்டைக்கு இன்னாத்துக்கு?" லாரித் தார்ப்பாய் மாதிரியான கெட்டி நைலான் துணியை எடுத்தார். வண்டிச் சட்டத்தில் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடிழுத்து மாதிரி வெட்டினார். தையல் போகும் பக்கம் அரை அங்குலம் விட்டார். பட்டைகள் சட்டத்தில் உரசும் ஆறு இடங்களில் மட்டும் துண்டுத் தோல் வைத்தார், அதுவும் ஓரங்களைச் சீவி மெலிதாக்கி. ஸ்கைவிங் என்பது அதற்குப் பெயர். செய்யாவிட்டால் மடிப்பில் தடித்துத் தையல் விட்டுவிடுமாம். ஜிப் மேலிருந்து வரும் மழையை வாங்காமலிருக்க அதன்மேல் ஓர் இமை போல மடிப்பு. இவ்வளவையும் அவர் எங்கும் பார்த்துச் செய்யவில்லை. ஐரோப்பியக் கால்களுக்கு ஆயிரக்கணக்கில் அப்பர் தைத்த கைக்கு ஒரு பொருள் எங்கே கிழியும் என்பது தெரிந்திருந்தது.

இருக்கைக்குப் பின்னால் கட்டும் பையை அளக்கும்போதுதான் கேட்டார்: "எந்தப் பக்கமா போற?"

"வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் ஏறி ஜமுனாமரத்தூர். அப்புறம் போளூர் இறங்கி வேலூர்."

"மாமா போன வழிதான்" என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை என் மொழியில் எழுதினால் அதன் சாதாரணத் தன்மை கெட்டுவிடும், ஆனாலும் வேறு வழியில்லை. அந்தப் பருவத்தில் அப்பா வாரம் ஒருமுறை ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் போயிருக்கிறார். ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே. முதல் இரவு ஜமுனாமரத்தூர்ச் சந்தைத் திண்ணையில். மறுநாள் மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் புளி வாங்கி, மலையாளிப் பழங்குடியினர் வீடொன்றில் சாமைச் சோறு தின்று படுத்து, மூன்றாம் நாள் அறுபது கிலோவுக்குக் குறையாமல் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்துபோகும் என்று செருப்புக் காலைப் பின் டயரில் அழுத்தியபடி. அந்தப் புளி ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணிக் கடைகளுக்குப் போயிருக்கிறது, கத்தரிக்காய்த் தொக்குக்கு. "ஒருவாட்டி வளைவுல விழுந்து நெத்தி பேந்து வந்தாரே, உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தது வேறு. அந்தத் தழும்பு ஷாப்பில் ட்ரம் கதவு பட்டதால் வந்தது என்று அம்மா சொல்லியிருந்தார்.

"படிக்கிற புள்ள, வேணாம்னுட்டாரு" என்றார் சின்னம்மா. பிறகு பட்டையின் நீளம் போதுமா என்று கேட்டார்.

2024 பிப்ரவரிக் கடைசியில் கிளம்பினேன். புதுப் புளி வரும் காலம் என்பதற்காக. வெயில் ஏறிவிட்டிருந்தது. இங்கே மிதிவண்டிக்குரிய பருவம் டிசம்பரும் ஜனவரியும். மே மாதத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும் ஊரில் வீரம் காட்டக் கூடாது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் உடன் வந்தார். என் மூட்டை இம்முறை ஆறரைக் கிலோ: மாற்றுத்துணி ஒன்று, லுங்கி, மெல்லிய போர்வை, இரண்டு ட்யூப், காற்றடிப்பான், ஒட்டுச் சாமான், சங்கிலித் துண்டு, விளக்கு, வேர்க்கடலை உருண்டை. கூடாரம் தேவையில்லை. தமிழ்நாட்டில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு லாட்ஜோ கோயில் மண்டபமோ தெரிந்தவர் வீடோ இருக்கிறது. ஆகவே இங்கே பெருஞ்சுமை என்பது தண்ணீரும் பயமும்தான். பயத்தில் பாதியைப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு குறைக்கலாம். பாலாற்றங்கரை நெடுகிலும் வேலிகாத்தான் முள். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துப் போவது நலம்.

காலை நான்கரைக்கு வேலூரை விட்டோம். தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆறு வழிகளிலும் பெங்களூர்ச் சரக்குகள் பறக்கும். அதன் அணுகுசாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு விரிஞ்சிபுரம் வரை போனோம். அங்குள்ள இறைவன் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டையோடு போன வணிகன் ஒருவனுக்குக் கள்வர் பயம் தீரத் துணைக்கு நடந்து வந்தாராம். நான் பக்திமான் அல்லேன். இருந்தாலும் மூட்டைக்காரர்களுக்கென்று ஒரு தெய்வம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நடை திறக்கவில்லை. கோபுரத்துக்கு எதிரே தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பள்ளிகொண்டாவுக்கு அப்பால் விடிந்தது. பாலாறு முழுக்க மணலும் முள்ளும். 2021 நவம்பரில் இதே ஆறு கரைபுரண்டதை, பாலத்தின் மேல் கூட்டம் கூட்டமாக நின்று மக்கள் பார்த்ததை, இப்போது யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். மாதனூர்ப் பக்கம் ஒரு பம்புசெட்டில் நண்பர் குப்பியை நிரப்பப் போனார். தடுத்தேன். ஒரு வாய் ஊற்றிப் பார்த்துத் துப்பினார். உப்பு. பழைய ஆற்றுப்படைப் புலவன் இன்று பாடினால், இந்தக் கரையில் எந்தக் கிணற்றில் குடிக்கலாகாது என்பதையே முதலில் சொல்வான். தோல் பகுதி நெடுகக் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆலங்காயம் தாண்டும்வரை. 1996க்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. இருந்தும் 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடி இதே பாலாற்றுக்காக இழப்பீட்டையும் கண்காணிப்புக் குழுவையும் பற்றி ஆணையிட வேண்டியிருந்தது.

அன்றிரவு சின்னம்மா வீடு. மறுநாள் விடியுமுன் வாணியம்பாடி. மசூதித் தெருவில் டீக்கடை பாய் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, "எவ்ளோ நாளா சார் போறீங்க? யாராச்சும் சொல்லிவிட்டாங்களா, வேண்டுதலா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை வழியில் ஏழு பேராவது கேட்டிருப்பார்கள். எங்கள் பகுதியில் மூட்டையோடு சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவனுக்கு வறுமை அல்லது வேண்டுதல், இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "புளி வாங்கப் போறேன் பாய்" என்றேன். "நல்ல புளி மலைப்புளிதான்" என்று உடனே ஏற்றுக்கொண்டார்.

ஆலங்காயத்துக்கு மேல் ஏற்றம். இங்கே ஓர் உண்மையைக் கண்டுகொண்டேன்: ஏற்றத்தில் வேகம் என்பதே இல்லை. மிகச் சிறிய கியரில், பேசிக்கொண்டே போக முடிகிற மூச்சில், மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளலாம். தள்ளுவது இழிவில்லை என்று ஏலகிரியில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் முழங்கால் பிழைத்திருக்கும். இரண்டு இடத்தில் தள்ளினேன். முதல் இடத்தில் களைப்பால். இரண்டாம் இடத்தில் களைப்பில்லை. கைப்பிடியை இடக்கையாலும் இருக்கையை வலக்கையாலும் பிடித்து, உடலைச் சாய்த்து, ஒரு பர்லாங் தூரம் தள்ளிப் பார்த்தேன். ஆறரைக் கிலோவுக்கே முதுகு சொல்லிற்று. ஏறும்போதாவது அவர் வண்டி காலியாக இருந்திருக்கும். அரிசியும் எண்ணெயும் ஏற்றிப்போய்ப் புளிக்கு மாற்றினாரா என்று சின்னம்மாவைக் கேட்கத் தோன்றியது. கேட்டால் ஆம் என்பார் என்றும் தோன்றியது.

காவலூர் 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் மரங்களுக்கு மேலே தெரிந்தன. இங்குள்ள 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. 1988இல் இங்கே கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்கு இராமானுஜன் என்று பெயர், எண் 4130. நண்பர் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்: 1997இல் இந்தத் தொலைநோக்கிக்குப் பதினோரு வயது. இந்தச் சாலையில் இரவு தங்க நேர்ந்திருந்தால் அப்பா இந்தக் குவிமாடத்தைப் பார்த்து என்னவென்று நினைத்திருப்பார்? கோயில் என்றா, தண்ணீர்த் தொட்டி என்றா?

ஜமுனாமரத்தூரில் மாலை நான்கு மணி. சந்தைத் திண்ணை எது என்று விசாரித்தேன். இருபத்தேழு ஆண்டில் கட்டடங்கள் மாறிவிட்டன என்றார்கள். ஒரு விடுதியில் அறை எடுத்தோம். இரவு நல்ல குளிர். நண்பர் விண்மீன்களைக் காட்டினார். எனக்குத் தொடையில் தசைப்பிடிப்பு, பாதியில் உள்ளே போய்விட்டேன்.

காலையில் புளி வாங்கினேன். கொட்டை எடுக்காதது, மூன்று கிலோ. மலைக்காரப் பெண்மணி ஒருவர் பழைய நாளிதழில் பொதிந்து கொடுத்தார். இருக்கைப் பையில் திணித்தேன். போளூர்ப் பக்கம் இறங்கும்போது பின்சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் வெளியே தள்ளியது. மூன்று கிலோவுக்கு! இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். ஒரேயடியாகப் பிடித்தால் விளிம்பு சூடேறும், ரப்பர் தேயும். ஒரு நேரான இறக்கத்தில், வேகம் மட்டுப்பட்டிருந்தபோது, வலது காலை மிதியிலிருந்து எடுத்துப் பின் டயரை நோக்கிக் கொண்டுபோனேன். பாதம் அங்கே எட்டவே இல்லை. பின்னால் வந்த நண்பர், "சார், என்ன சார் பண்றீங்க!" என்று கத்தினார்.

போளூரிலிருந்து வேலூர் வரை எதிர்காற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான்.

அடுத்த ஞாயிறன்று, பையையும் புளியையும் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஆம்பூர் போனேன். சின்னம்மா புளியை முகர்ந்து பார்த்து, நார் அதிகம் என்றார். பிறகு பையை மடியில் போட்டு, உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, தையல் தையலாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். இருக்கைத் தண்டில் சுற்றும் பட்டையின் அடியில் விரல் நின்றது.

"இங்க பார்த்தியா, நூல் விட்டுக்குது. நீ இன்னா ஏத்தின?"

"புளிதான், சின்னம்மா. மூணு கிலோ."

"சொல்லியிருந்தா ரெண்டு ஓட்டு சேத்துப் போட்டிருப்பேன்" என்றபடி கண்ணாடியைத் தேடினார். மெஷினுக்கு நூல் கோத்துத் தரச் சொன்னார். கோத்துக் கொடுத்தேன்.